நாலரை அடி

அந்த வாரம் முழுக்க எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் நானும் செங்கல்பட்டிலிருந்து ஒரே சாலையில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், அவரவர் ஸ்கூட்டரில் மாமல்லபுரம் போய் வந்தோம். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரியே போய் வந்தோம். திருக்கழுக்குன்றம் கடைத்தெரு நெரிசலில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் அவள் வலதுபுறக் கடைப் பலகைகளைப் படிப்பாள், நான் இடதுபுறத்தைப் படிப்பேன். அந்த ஊரின் இடதுபுறத்தில் எங்கெங்கே பல் பிடுங்குவார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

சண்டை ஒன்றும் இல்லை. அவள் டென்னிஸ் ஆடுகிறவள், நான் லைன் அம்பயர். கோட்டுக்கு நேரே நின்று, பந்து வெளியே விழுந்தால் கத்துவது என் வேலை. ஆடுகிறவர்களோடு நாங்கள் பேசிப் பழகக் கூடாது என்பது விதி. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மைதானத்தில் பெண்களுக்கான தொழில்முறைப் போட்டி ஒன்று நடந்தது. பெரிய பெயர் உள்ளவர்கள் வரமாட்டார்கள். பெரிய பெயர் வாங்க நினைப்பவர்களும், அந்த நினைப்பை எந்த ஊரில் இறக்கி வைப்பது என்று தெரியாதவர்களும் வருவார்கள்.

ஆட்டக்காரர்களில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்ததால், இந்தப் பெண் என் தெரு என்று நாணயமாக எழுதிக் கொடுத்திருந்தேன். போட்டியை நடத்தும் ரெஃப்ரி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் டென்னிஸ் ஆடுகிற எல்லாருமே ஒரே தெருதான் சார் என்றார். மூன்றாம் நாள் இரண்டு லைன் அம்பயர்கள் காய்ச்சலில் படுத்துவிட, அந்தப் படிவம் எங்கே போனது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

எனக்குச் சம்பளம் தருவது சிறுசேரியில் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகம். யாரோ எழுதிய மென்பொருளுக்கு யாரும் படிக்காத கையேடு எழுதுவது அங்கே என் பணி. டென்னிஸுக்காக வருடத்தில் சில வாரம் விடுப்பு எடுப்பேன். ஊரில் உள்ளவர்களெல்லாம் உட்காருவதற்கு லீவு போடுவார்கள், வெயிலில் நிற்பதற்கு லீவு போடுகிற ஒரே மனிதர் நீங்கள்தான் என்பது என் மனைவியின் கருத்து. இருபத்தொரு வருடமாக இதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஐம்பத்திரண்டு வயது. பதில் வருவதற்குள் முட்டி போய்விடும்போல இருக்கிறது.

எனக்குத் தெரிந்திருக்கக் கூடாத விஷயமும் என் மனைவி வழியாகத்தான் வந்தது. தெருவில் அவளுக்குத் தெரியாமல் பால் பொங்காது. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தொரு வயது, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. பன்னிரண்டு மணிக்கு மேல் பயிற்சிக்குக் கிளம்பிவிடலாம் என்று ஒரு சலுகை இருந்தது. புதிதாக வந்த மேலதிகாரி கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது ஃபைனல் ஆடினாய் என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்ன வருடம் அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பருவத்துக்குள் ஒரு சர்வதேசப் போட்டியில் ஒற்றையரோ இரட்டையரோ ஒரு ஃபைனலைக் காட்டு, இல்லையென்றால் மற்றவர்கள் மாதிரி மாலை வரை நாற்காலியில் உட்கார் என்று சொல்லிவிட்டார். பருவத்தின் கடைசிப் போட்டி இதுதான்.

"என்கிட்ட இதெல்லாம் சொல்லாதே. நான் அங்க லைன்ல நிக்கிறவன்" என்றேன்.

"நீங்க என்ன ஆடவா போறீங்க? நிக்கத்தானே போறீங்க" என்றாள்.

ஒற்றையரில் அவள் முதல் சுற்றிலேயே போய்விட்டாள். மிச்சம் இருந்தது இரட்டையர். அதற்கு ஜோடி பிடிப்பதே ஒரு தனி ஆட்டம். பெயர் கொடுக்கும் கெடு முடிகிறவரை அறிவிப்புப் பலகையைச் சுற்றிப் பெண்கள் கல்யாணத் தரகர்கள் மாதிரி அலைவார்கள். இவளோடு ஆட வேண்டியவள் தோள் வலி என்று ஊரிலேயே நின்றுவிட, கெடு முடிய பத்து நிமிடம் இருக்கையில் பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் அகப்பட்டாள். அவளுக்குக் கல்லூரியில் வருகைப் பதிவு குறைவு. ஆக ஒருத்தி நாற்காலிக்குப் பயந்தவள், இன்னொருத்தி பெஞ்சுக்குப் பயந்தவள். அதுவரை சேர்ந்து ஒரு பந்துகூட அடித்ததில்லை. இரண்டு சுற்று ஜெயித்து அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள்.

மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்பக்கூடம் இருந்தது. கல் அறுக்கும் மிஷினின் சத்தம் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மாலைவரை பல்லைக் கூசவைக்கும். முதல் நாளே, தமிழ் தெரியாத ரெஃப்ரி என்னை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். உடம்பெல்லாம் வெள்ளைத் தூளாக நின்ற கூடத்துக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா சார், வாரம் பூரா மிஷின நிறுத்த சொல்றியா? ரெண்டு நந்தி லோடு ஏத்த வேண்டியது கீது. இன்னும் மூஞ்சியே வரல." கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டார். "ரொம்ப டென்சனான எடம் எதுனா இருக்குமில்ல ஆட்டத்துல, அது வந்தா மட்டும் ஒரு சவுண்டு குடு. நாங்கோ டீ குடிக்கப் பூடறோம்."

அதற்கு டை பிரேக்கர் என்று பெயர் என்று சொல்லிக் கொடுத்தேன். அப்படியே ஒப்பந்தமானது. எந்த டென்னிஸ் விதிப் புத்தகத்திலும் இல்லாத இந்த ஏற்பாடு வாரம் முழுவதும் பிசகாமல் நடந்தது. சுவருக்கு மேலே ஒரு துண்டை ஆட்டினால் மிஷின் நிற்கும்.

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து ஒற்றையர் கால் இறுதிகள். இரண்டு ஆட்டத்துக்கு ஒரே நீளக்கோட்டில் நின்றேன். ஆள் பற்றாக்குறையால் இடையில் உட்காருவதற்கான முறை எனக்கு வரவில்லை. மத்தியானம் சாம்பார் சாதம், கூடவே ஒரு வாழைப்பழம். மூன்றரை மணிக்கு இரட்டையர் அரையிறுதி. அதே கோர்ட், அதே பக்கம். தாளில் என் பெயரைப் பார்த்ததும் வேறு யாரையாவது போடலாமே என்று ரெஃப்ரியிடம் போனேன். வேறு யார் என்று அவர் கேட்டார். சுற்றிப் பார்த்தேன். பந்து பொறுக்குபவர்களும் ஒரு நாயும் இருந்தார்கள். போய் நின்றேன்.

இந்த இடத்தில் கோடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒற்றையர் ஆட்டத்துக்கு உள்கோடு எல்லை, இரட்டையருக்கு வெளிக்கோடு எல்லை. இரண்டுக்கும் நடுவே நாலரை அடி அகலத்தில் ஒரு பட்டை. ஆனால் இரட்டையரிலும் சர்வீஸ் மட்டும் உள்கோட்டுக்குள்தான் விழ வேண்டும். அதனால் சர்வீஸ் விழுகிறவரை லைன் அம்பயர் உள்கோட்டுக்கு நேரே நிற்பான். விழுந்ததும் யாருக்கும் உறுத்தாமல் இரண்டு எட்டு வைத்து வெளிக்கோட்டுக்கு நேரே போவான். பாயிண்ட் முடிந்ததும் திரும்ப இரண்டு எட்டு. விளையாட்டுத் துறையில் என் மொத்தச் சாதனையும் இந்த இரண்டு எட்டுதான்.

எதிர் ஜோடி வடக்கிலிருந்து வந்த இரண்டு பெண்கள். ஒரே நிறத் தொப்பி, ஒரே மாதிரி முகம் சுளிப்பு. முதல் செட்டை நம் பெண்கள் எடுத்தார்கள். நம் பெண்கள் என்று இப்போது எழுதலாம். அன்றைக்கு அப்படி மனதுக்குள் நினைத்தாலும் குற்றம். இரண்டாவது செட்டை அவர்கள் எடுத்தார்கள். இந்த மட்டத்தில் இரட்டையருக்கு மூன்றாவது செட் கிடையாது. பத்து பாயிண்டுக்கு ஒரு நீண்ட டை பிரேக்கர், இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். ரெஃப்ரி சுவரருகே போய்த் துண்டை ஆட்டினார். மிஷின் நின்றது.

அதுவரை என்னை எழுப்பி வைத்திருந்தது அந்தச் சத்தம்தான் என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. கடல் காற்று, சாம்பார் சாதம், ஏழு மணி நேரம் நின்ற கால், அதோடு திடீரென்று ஓர் அமைதி. நான் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே யாரோ ஒருவர் பாயை விரித்துவிட்டார்.

ஒன்பது எட்டு. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் இறுதியாட்டம். என் முனையிலிருந்து எதிர் ஜோடியில் ஒருத்தி சர்வீஸ் போட்டாள். பந்து உள்கோட்டை ஒட்டி விழுந்தது. நல்ல சர்வீஸ். அதை எங்கள் தெருப் பெண் எடுத்து, வலையருகே நின்றவள் நடுவே நகர்ந்துவிட்டதைப் பார்த்து, கோட்டோடு நேராக என் பக்கமே அடித்தாள். பந்து அந்த நாலரை அடிப் பட்டையில் விழுந்தது. வெளிக்கோட்டுக்குள் தாராளமாக மூன்று அடி உள்ளே.

நான் இரண்டு எட்டு வைக்கவில்லை. காலையிலிருந்து நின்ற அதே உள்கோட்டுக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன். பந்து அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்ததைத் துல்லியமாகப் பார்த்தேன். என் பார்வையில் குறை சொல்ல முடியாது. வலது கையை நீட்டி, இருபத்தொரு வருட அனுபவம் முழுவதையும் குரலில் திரட்டி, "அவுட்" என்றேன்.

கத்தி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. உடனே கையைத் தூக்கி, தப்பு, பந்து உள்ளேதான் என்று திருத்தினேன். ஆனால் என் சத்தத்தைக் கேட்டு, சர்வீஸ் போட்ட இடத்திலிருந்து பந்தை நோக்கி ஓடிவந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். நின்றிருக்காவிட்டால் எடுத்திருப்பாளா மாட்டாளா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மாதிரி சந்தேகம் இருந்தால் அந்தப் பாயிண்டை மறுபடி ஆட வேண்டும். உயர நாற்காலியில் இருந்த அம்பயர் அப்படியே அறிவித்தார். பொத்தேரிப் பெண் நாற்காலிக்குக் கீழே போய் நின்று கொஞ்ச நேரம் வாதாடினாள். எங்கள் தெருப் பெண் வாதாடவில்லை. ராக்கெட்டின் நரம்புகளைச் சரிசெய்துகொண்டே தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். அந்த வார வழக்கப்படி என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுபடி ஆடிய பாயிண்டில் அவள் அடித்த பந்து வலையின் மேல்விளிம்பில் பட்டு, அவள் பக்கமே விழுந்தது. அடுத்த இரண்டு பாயிண்டும் போயின. பதினொன்றுக்கு ஒன்பது. ஆட்டம் முடிந்தால் எல்லாரும் உயர நாற்காலி அம்பயருக்குக் கை கொடுப்பார்கள். லைன் அம்பயருக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை. வழக்கத்துக்கு முதல்முறையாக நன்றி சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் டீ முடிந்து நந்திக்கு முகம் செதுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் லைன் அம்பயர்களுக்கு ஒரு மதிப்பீட்டு அட்டை உண்டு. அன்றைய அட்டையில் என்னைப் பற்றி, தவறை உடனடியாகத் திருத்திக்கொண்டார், நன்று என்று எழுதியிருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது யாராவது இரண்டு அறை கொடுத்தால் தேவலை என்றிருந்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலையோரம் ஒரு டீக்கடை முன் அவள் ஸ்கூட்டர் நின்றது. அவள் இறங்கி நின்று கை காட்டினாள். பழக்கதோஷத்தில் நான் இடதுபுறம் பார்த்துக்கொண்டு கடந்துபோகப் பார்த்தேன்.

"நில்லுங்கண்ணா. இப்ப பேசலாம், நான்தான் தோத்துட்டேனே" என்றாள்.

விதிப்படி அவள் சொன்னது சரிதான். போட்டியிலிருந்து வெளியேறிய நிமிடத்தில் அவள் ஆட்டக்காரி இல்லை, வெறும் தெருக்காரி. இரண்டு டீ சொன்னாள். நான் ஒரு வாரமாகப் பேசாததையும் சேர்த்து மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். மத்தியானம் கொஞ்சம் அசந்துவிட்டேன், கால் நகரவில்லை, இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை என்றெல்லாம். அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. டை பிரேக்கர் வரை ஆடித் தோற்றவர்களுக்கு வருகிற அந்த வெறுமையான களைப்புதான் இருந்தது.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். நீங்க எழுதுவீங்கதானே? எங்க ஆபீசருக்கு ஒரு லெட்டர் வேணும். ஃபைனல் வந்திருக்க வேண்டியது, உங்களால போச்சுன்னு. திங்கக்கிழம காலைல குடுக்கணும்."

எழுத்தாளன் என்று என்னை நம்பி ஒருவர் வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூவரும் உட்கார்ந்தோம். நான் மடிக்கணினியோடு, அவள் எதிரே, என் மனைவி இட்லித் தட்டோடும் மிகுந்த உற்சாகத்தோடும். என் குற்றப்பத்திரிகையை நானே தட்டச்சு செய்தேன். கவனக்குறைவால் என்று எழுதி வாசித்தேன். பெரும் கவனக்குறைவு என்றாள் என் மனைவி. திருத்தினேன். அனுபவமில்லாத லைன் அம்பயர் என்று போட்டால் எடுபடுமா என்று அந்தப் பெண் தயங்கிக் கேட்டாள். இருபத்தொரு வருடம் என்று நினைவூட்டினேன்.

"அப்ப வயசானவர்னு போடுங்க" என்றாள் மனைவி.

போட்டேன். உள்கோடு, வெளிக்கோடு, இரண்டு எட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். கையேடு எழுதிப் பழகிய கை, யாரும் படிக்காததை எப்படித் தெளிவாக எழுதுவது என்று அதற்குத் தெரியும். ஒரே ஓர் இடத்தில் நின்றது. அது அப்படியே வெற்றிப் பாயிண்டாக முடிந்திருக்கும் என்று எழுத வேண்டும். அவளைப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு எடுத்திருப்பாளா?"

அவள் இட்லியைப் பிட்டாள். "எடுத்திருக்கலாம்ணா. நல்லா ஓடறா. மூணு பந்து அந்த மாதிரி எடுத்தா."

"அத எழுதணுமா?"

"நீங்கதான் எழுதறவரு. எனக்கு எங்க தெரியும்" என்று சட்னியைத் தள்ளி வைத்தாள்.

என் மனைவி இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வெற்றிப் பாயிண்ட் என்ற சொல்லை எடுத்துவிட்டு, வெற்றி வாய்ப்பு என்று மாற்றினேன். அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதை இனி யாராலும் சொல்ல முடியாமல் போனதற்கு நானே காரணம் என்று அடுத்த வரியில் எழுதினேன். அது உண்மை. கடிதத்தில் அதைவிட உண்மையான வரி இல்லை, ஆனால் அதுதான் பலவீனமான வரி என்றும் எனக்குப் பட்டது. அவள் ஒருமுறை படித்துவிட்டுத் தலையாட்டினாள். கீழே என் பெயர், அம்பயர் பேட்ஜ் எண். பக்கத்துத் தெருவில் அச்செடுத்து வந்தாள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் மாலை வரை அலுவலகத்தில் இருந்தாள். வழக்கமாகப் பன்னிரண்டரைக்கு எங்கள் வாசலைத் தாண்டும் அவள் ஸ்கூட்டர் ஆறு மணிக்குத் தாண்டியது. நானும் சிறுசேரியில் மூன்று நாள் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதவில்லை. அங்கே யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டு கேட்டருகே என்னைப் பிடித்து நிறுத்தினாள். அதிகாரி கூப்பிட்டிருக்கிறார். அது என்ன நாலரை அடி என்று கேட்டாராம். ஒரு பழைய கோப்பு அட்டையின் பின்பக்கத்தில் கோர்ட்டை வரைந்து காட்டினாளாம். யார் எழுதிய கடிதம் என்று கேட்டிருக்கிறார். தப்பு செய்தவரே எழுதினார் சார் என்றாளாம். அவர் இன்னொரு முறை முழுக்கப் படித்துவிட்டு, என் இத்தனை வருட உத்தியோகத்தில் ஒரு ஆள் தன் தப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டு இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, அதைக் கோப்பில் வைக்காமல் தன் மேஜை அறையில் வைத்துக்கொண்டாராம்.

"மூணு மாசம் குடுத்திருக்காரு. அடுத்த சீசன்ல முதல் ரெண்டு டோர்னமென்ட் பாக்கறேன்னு சொன்னாரு."

"அப்புறம் என்ன, சந்தோஷம்தானே?" என்றேன்.

"சந்தோஷம்தான்." கேட்டில் சாய்ந்துகொண்டாள். "மூணு நாள் சீட்ல உக்காந்தேன்ணா. மேல ஃபேன். மத்தியானம் எல்லாரோடயும் சாப்ட்டேன், சோறு சூடா இருந்துச்சு. முட்டி வலிக்கல. பக்கத்து சீட்டு அக்கா முறுக்கு குடுத்தாங்க."

"அப்ப லெட்டர் வேணாமுன்னு தோணுச்சா?"

"அதெல்லாம் இல்ல. ஃபைனல் ஆடணும். ஆடாம விட்டா தூக்கம் வராது." கேட் கொக்கியைத் தூக்கிப் போட்டாள். "நாளைக்குக் காலைல ஓடறதுக்கு அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும்னு நெனச்சுப் பாத்தேன், அவ்ளோதான்."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அந்த வாரம் நானும் இரண்டு முறை யோசித்திருந்தேன், இரண்டு முறையும் எழுந்து போய்க் கொடுக்க அலுப்பாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். அடுத்த போட்டிக்கு வந்தாலும் உன் ஆட்டத்துக்கு என்னைப் போட வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

"வேணாம், நீங்களே நில்லுங்க. புதுசா ஒருத்தர் வந்து புதுசா ஒரு தப்பு பண்றதுக்கு நீங்க பரவால்ல. இந்தத் தப்ப மறுபடி பண்ண மாட்டீங்க."

எனக்கு என்னைத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை வைத்து எந்த உத்தரவாதமும் கொடுக்க முடியாது. ஆனாலும் சரி என்றேன். அன்றைக்கு நான் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது. மணி ஏழுகூட ஆகவில்லை, தெருவில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. தூங்கப் போகிறேன் அண்ணா என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.